வளர்ச்சிக்கு விரோதிகள் யார்?

ஒரு தேசம் செல்வம் பெருக்க வேண்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. பசித்த வயிற்றோடு சுதந்திரத்தை அனுபவிக்க எவராலும் இயலாது. ஆயினும், ஆலை ஒன்று எழும்போதும், அணை ஒன்று கட்டப்படும்போதும், சுரங்கம் ஒன்று தோண்டப்படும்போதும், "எங்கள் ஆறு கெடுகிறது, எங்கள் காடு அழிகிறது, எங்கள் கடல் பாழாகிறது" என்று ஒரு கூட்டம் எழுந்து நின்று தடுக்கிறது. தேச முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கும் துரோகிகள் என்று அவர்களை ஒரு சாரார் தூற்றுகிறார்கள். தங்களுடன் சேராதவர் யாவரும் முதலாளிகளின் கைக்கூலிகளே என்று மற்றொரு சாரார் பதிலுக்கு ஏசுகிறார்கள். இவ்விரு கூச்சல்களுக்கும் நடுவே, உண்மையில் கெடுவது எது, காப்பாற்றப்படுவது எது என்ற விசாரணை மட்டும் நடைபெறாமலே போய்விடுகிறது.

2014-ம் வருஷம் ஜூன் மாதத்தில் மத்திய உளவு இலாகாவின் அறிக்கை ஒன்று பத்திரிகைகளில் வெளியாயிற்று. அந்நியப் பணம் பெறும் சில ஸ்தாபனங்கள் அணு மின்சாரம், நிலக்கரி, சுரங்கம் முதலிய திட்டங்களை எதிர்த்து நிற்பதால், தேசத்தின் வருஷாந்தர வளர்ச்சியில் 2 முதல் 3 சதவீதம் வரை குறைந்து போகிறது என்பது அதன் முடிவு. அன்று முதல் 'வளர்ச்சி விரோதி' என்ற சொல் மேடைகளில் தாராளமாக வழங்கி வருகிறது. இச்சொல்லை யாருக்குச் சூட்டுவது நியாயம் என்று ஆராய்வதே நமது நோக்கம். எதிர்ப்பவர்களின் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அவர்களுடைய எதிர்ப்பினால் தேசத்துக்கு விளைந்தது என்ன என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதிலேதான் இத்தனை வீண் சண்டையும் பிறக்கிறது.

முல்ஷியின் பாடம்

இவ்வழக்கு நேற்று முளைத்ததன்று. தேசிய இயக்கம் மும்முரமாக நடந்துகொண்டிருந்த 1921-ம் வருஷத்திலேயே, பூனாவுக்கு மேற்கே முல்ஷி என்னுமிடத்தில் இது எழுந்தது. ஸஹ்யாத்ரி மலையில் பெய்யும் மழையை அணை கட்டித் தேக்கி, அதை மலைச்சரிவில் விழச் செய்து, பம்பாய் நகரத்துக்கு மின்சாரம் கொடுக்க டாட்டா கம்பெனியார் திட்டமிட்டனர். சுதேசி மூலதனம், சுதேசி முயற்சி. அந்நிய நிலக்கரிப் புகையிலிருந்து பம்பாய்க்கு விடுதலை. தேசபக்தன் எவன் இதை வேண்டாமென்பான்? ஆனால் அந்த அணையினால் சுமார் 50 கிராமங்களின் நிலம் முழுகுவதாயிருந்தது. அங்கே வசித்தவர்கள் சிவாஜியின் காலாட்படையில் சேவித்த மாவளர்களின் சந்ததியார். அவர்கள் சேனாபதி பாபத்தின் தலைமையில் "உயிர் அல்லது நிலம்" என்று சத்தியாக்கிரகம் தொடங்கினர்.

அந்தப் போராட்டம் தோற்றது. நில ஆர்ஜிதச் சட்டத்தின் பலத்தைக் கொண்டு நிலம் எடுக்கப்பட்டது, அணையும் எழுந்தது, பம்பாய்க்கு மின்சாரமும் வந்தது. பாபத் சிறை சென்றார். ஆனால் முல்ஷி நமக்கு விட்டுச் சென்ற பாடம் வேறு. நிலத்தின் சொந்தக்காரர்களில் பலர் பூனாவில் வசித்த சவுகார்கள். நஷ்ட ஈடு கிடைத்தால் போதுமென்று அவர்களில் பலர் இணங்கிவிட்டனர். உழுத குடியானவனுக்கோ பணம் தேவையில்லை, மண்ணே தேவையாயிருந்தது. ஒரே கொடியின் கீழ் நின்றவர்களுக்குள்ளேயே நோக்கம் இப்படி வேறுபட்டது. காங்கிரஸ்காரர்களுக்குள்ளும், சுதேசிக் கைத்தொழில் பெரிதா, குடியானவன் வயல் பெரிதா என்று மனம் இரண்டுபட்டது. ஒரு நூற்றாண்டு கழிந்தும் அக்கேள்வி தீர்ந்தபாடில்லை.

அக்காலத்துச் சிந்தனையாளர்களும் இதில் ஒருமுகமாக இருக்கவில்லை. யந்திரத் தொழிலைப் பெருக்காவிடில் தேசம் மடியும் என்று விசுவேசுவரய்யா வற்புறுத்தினார். தஞ்சையில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா, ஜபல்பூர் சிறையிலிருந்தவாறே, நிலைத்து நிற்கும் பொருளாதாரம் எது என்று ஒரு நூல் எழுதினார். 1945-ல் வெளிவந்த அந்நூலுக்கு மகாத்மா முன்னுரை அளித்தார். எடுத்த பொருளை இயற்கைக்குத் திருப்பிக் கொடாத வாழ்வு கொள்ளையே என்பது குமரப்பாவின் கட்சி. பெரிய அணைகளை நாட்டின் புதிய ஆலயங்களாகக் கொண்டாடிய ஜவஹர்லால் நேருவே, 1958-ல் நீர்ப்பாசன நிபுணர்களின் சபையில், எதையும் பிரம்மாண்டமாகவே செய்ய வேண்டும் என்னும் வியாதி நம்மைப் பிடித்திருக்கிறது என எச்சரித்தார். ஆகவே வளர்ச்சியைப் பற்றிக் கேள்வி கேட்பது அந்நியர் கற்றுக்கொடுத்த பாடமென்று சொல்வோர், நமது தேசியத்தின் சரித்திரத்தையே மறந்தவராவர்.

நோக்கங்கள் பல

எதிர்ப்போரின் நோக்கங்களை நாம் நான்காகப் பகுக்கலாம். முதலாவது, வயிற்றுப்பாடு. தன் கிணறு கசந்துவிட்ட குடியானவனும், தன் வலையில் மீன் விழாது போன செம்படவனும் எந்தச் சாஸ்திரத்தையும் படித்து எதிர்க்க வருவதில்லை. அவர்களைத் 'தூண்டிவிட' அந்நியப் பணம் எதற்கு? கெட்ட தண்ணீரே போதுமான தூண்டுகோல்.

இரண்டாவது, அறிவும் அன்பும். கேரளத்தில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி, முதலில் 120 மெகாவாட் மின்சாரம் எடுக்க மின்சார வாரியம் திட்டமிட்டது. அதனால் அமைதிப் பள்ளத்தாக்கின் மழைக்காட்டில் சுமார் 830 ஹெக்டேர் நீரில் முழுகும். காட்டுக்குள் நிலமோ வீடோ இல்லாதவர்களே அதனை எதிர்த்தனர். பள்ளி ஆசிரியர்கள், தாவர நிபுணர்கள், கவிகள். கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்து 1979-ல் ஓர் ஆராய்ச்சி அறிக்கையே வெளியிட்டு, மலபாரின் மின்சாரத் தேவைக்கு வேறு மார்க்கங்கள் உண்டென வாதாடியது. பறவை ஆராய்ச்சியாளர் ஸலீம் அலியும் எதிர்த்தார். திட்டம் 1983-ல் கைவிடப்பட்டது. 1984-ல் அக்காடு தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. இவர்களுக்கு இதில் கிடைத்த சொந்த லாபம் ஒன்றுமில்லை. அதேசமயம், அணையினால் வேலையும் வெளிச்சமும் வருமென்று நம்பிய அருகிலுள்ள ஊரார் பலர் திட்டத்தை ஆதரித்தனர் என்பதையும் மறைக்கக் கூடாது. தூரத்திலிருப்பவன் காட்டை நேசிப்பது எளிது. அக்காட்டின் ஓரத்தில் இருட்டில் இருப்பவனுக்கு அது அவ்வளவு எளிதன்று.

மூன்றாவது, பயம். கூடங்குளம் அணு உலைகளுக்குச் சோவியத் யூனியனுடன் 1988-லேயே ஒப்பந்தமாயிற்று. 2011 மார்ச் மாதத்தில் ஜப்பானில் சுனாமியால் புகுஷிமா உலைகள் சிதைந்ததை உலகமெல்லாம் படத்தில் கண்டது. 2004-ல் அதே ஆழிப்பேரலையைத் தம் கரையில் கண்டிருந்த இடிந்தகரை மக்கள் அஞ்சியதில் வியப்பென்ன? அந்தப் பயத்துக்குப் பதில், தெளிவான விளக்கமாக இருந்திருக்க வேண்டும். வந்ததோ, ஆயிரக்கணக்கானவர் மீது ராஜத்துரோக வழக்கு. திலகருக்கும் காந்தியடிகளுக்கும் எதிராக வெள்ளையர் பிரயோகித்த அதே பிரிவைச் சுயராஜ்ய சர்க்கார் மீனவர் மீது பிரயோகித்தது நமக்குப் பெருமை தருவதன்று. எனினும் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். உலை தாமதப்பட்ட அதே 2012-ம் வருஷத்தில், தமிழ்நாடு நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தது. சிறு பட்டறைகளும் விசைத்தறிகளும் நின்றன. மின்வெட்டுக்குக் காரணங்கள் பல. இத்தாமதமும் அவற்றில் ஒன்று. 1000 மெகாவாட் முதல் உலையின் மின்சாரம் 2013 அக்டோபரில்தான் நமக்கு வரத் தொடங்கியது.

நான்காவது, சுயநலம். தேர்தலுக்கு வாக்குத் தேடும் கட்சிக்காரர், எதிர்ப்பைக் காட்டி ஆலைக்காரனிடம் விலை பேசும் ஊர்த் தலைவர், போட்டி வியாபாரத்தில் ஆதாயம் எதிர்பார்ப்பவர் ஆகிய இவர்கள் எந்த இயக்கத்திலும் புகுவார்கள். உப்பு சத்தியாக்கிரகத்திலேகூட எல்லோரும் மகான்களாக இருந்தார்கள் என்று சொல்ல முடியுமா? அதனால் உப்பு வரி நியாயமாகிவிடவில்லை.

இங்கேதான் நமது முதல் முடிவு கிடைக்கிறது. எதிர்ப்பவன் மனத்தில் எந்த நோக்கம் இருந்தாலும், ஆற்று நீரில் உப்பு ஏறியிருக்கிறதா, இல்லையா என்பது அந்த நோக்கத்தைப் பொறுத்ததன்று. கெட்டவன் சொன்னாலும் நெருப்புச் சுடும். நல்லவன் சொன்னாலும் பச்சைத் தண்ணீர் எரியாது. எதிர்ப்பவன் நோக்கத்தைத் துருவித் துருவி ஆராயும் நாம், ஆதரிப்பவன் நோக்கத்தை ஏன் ஒரு தரமாவது ஆராய்வதில்லை? தேசத்தின் நன்மைக்காகவே ஆலை வைக்கிறோம் என்னும் முதலாளியின் லாபக் கணக்கு எந்த உளவு அறிக்கையில் எழுதப்பட்டிருக்கிறது?

நொய்யல் சொல்லும் கதை

நோக்கங்களை விட்டு விளைவுகளுக்கு வருவோம். இவ்விஷயத்தில் திருப்பூரைக் காட்டிலும் தெளிவான உதாரணம் நமக்கு வேறு கிடையாது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு ஜில்லாக்களைக் கடந்து, கரூர் ஜில்லாவில் காவேரியோடு சேருவது நொய்யல். 1980-க்குப் பிறகு திருப்பூரின் பனியன் ஏற்றுமதி பெருக, சாயப்பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் பெருகின. சாயம் துணியில் ஏற உப்பு வேண்டும். அந்த உப்பும் சாயமும் கலந்த கழிவு ஆற்றில் ஓடிற்று. நகரத்தில் டாலர் புரண்டது. ஆறு எந்தப் பட்டறையில் எந்தச் சாயம் தோய்கிறதோ அந்த நிறத்தில் ஓடிற்று. பாசனத்துக்கென்று 1990-களின் தொடக்கத்தில் ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை, கழிவு தேங்கும் குளமாயிற்று. உலகத்தில் குடியானவர்கள் அணை வேண்டுமென்று கேட்பது வழக்கம். இங்கோ, அணையில் நீர் தேக்க வேண்டாமென்று ஆயக்கட்டுக் குடியானவர்களே நியாயஸ்தலத்தில் மன்றாடினார்கள். வயலில் பாய்ந்தால் பயிர் கருகும், மாடு குடித்தால் மாடு சாகும் என்றிருந்த நீரை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?

நொய்யல் ஆயக்கட்டுக் குடியானவர்கள் சங்கம் தொடுத்த வழக்கில், சென்னை ஹைக்கோர்ட் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆற்றில் ஒரு சொட்டுக் கழிவும் விடக்கூடாது என்று தவணை வைத்து, அதுவரை வெளியேற்றும் கழிவுக்கு லிட்டர் கணக்கில் அபராதமும் விதித்தது. பட்டறைக்காரர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றனர். 2009-ல் அங்கும் தீர்ப்பு நிலைநிறுத்தப்பட்டது. அப்பொழுதும் கழிவு நிற்கவில்லை. கடைசியாக 2011 ஜனவரி 28-ந் தேதி, சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூடிவிடும்படி ஹைக்கோர்ட் கட்டளையிட்டது. 700-க்கு மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன.

அன்று திருப்பூரில் எழுந்த ஓலம் பொய்யானதன்று. தென் ஜில்லாக்களிலிருந்தும் வடநாட்டிலிருந்தும் வந்து பிழைத்த தொழிலாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினர். துணியைச் சாயம் போட வெளியூர்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. சில பட்டறைகள் வேறு ஜில்லாக்களில் திருட்டுத்தனமாக முளைத்து, நொய்யலின் நஞ்சை வேறு நீர்நிலைகளுக்குக் கொண்டு சென்றன. திருப்பூர் இத்துடன் முடிந்தது, வியாபாரம் வங்காள தேசத்துக்குப் போய்விடும் என்று பலரும் ஜோசியம் சொன்னார்கள்.

நடந்தது என்ன? ராஜ்ய சர்க்கார் 2011-ல் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. கழிவு நீரை நுண்ணிய சவ்வுகளினூடே அழுத்திச் செலுத்தியும், மிச்சத்தைக் காய்ச்சி ஆவியாக்கியும், நீரையும் உப்பையும் தனித்தனியே மீட்கும் யந்திரங்கள் நிறுவப்பட்டன. கழிவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மறுபடியும் நல்ல நீராகப் பட்டறைக்கே திரும்புகிறது. பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 2010-11-ல் இருந்ததைப் போல இரு மடங்குக்கும் மேலாக இன்று ஏற்றுமதி மதிப்பு உயர்ந்திருக்கிறது. விலைவாசி ஏற்றத்துக்கு அதில் ஒரு பங்கு உண்டு. எனினும், இறந்துவிடும் என்று சொல்லப்பட்ட தொழில் இறக்கவில்லை என்பது வெளிப்படை. சுத்தமான சாயம் என்பதையே இப்பொழுது அயல்நாட்டு வியாபாரிகளிடம் திருப்பூர் தன் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. குடியானவன் தொடுத்த வழக்கு ஒரு தொழிலைச் சீர்திருத்தியது.

ஆயினும் இக்கதையைப் பழுதற்ற வெற்றியாகக் கொண்டாட நமக்கு மனம் வரவில்லை. காய்ச்சி எடுத்த உப்புக் கசடு இன்றும் மலையாகக் குவிந்திருக்கிறது. கெட்ட மண்ணும் கிணறும் பழைய நிலைக்குத் திரும்பிவிடவில்லை. மூடிய மாதங்களில் பட்டினி கிடந்த தொழிலாளிக்கு எந்தக் கோர்ட்டும் நஷ்ட ஈடு விதிக்கவில்லை. பெரிய பட்டறைக்காரன் யந்திரம் வாங்கிப் பிழைத்தான். சிறிய பட்டறைக்காரர் பலர் எழுந்திருக்கவேயில்லை. முதல் நாளிலேயே யந்திரத்தை வைத்திருந்தால் ஆறும் கெட்டிராது, ஆலையும் மூடியிராது. இருபது வருஷம் கண்ணை மூடிக்கொண்டிருந்த அதிகாரிகளின் சோம்பலுக்கு, ஒரு பக்கம் குடியானவனும் மறுபக்கம் தொழிலாளியும் வரி கட்டினார்கள்.

கணக்கில் சேராத நஷ்டம்

வளர்ச்சி 2 சதவீதம் குறைந்தது, 3 சதவீதம் குறைந்தது என்று கணக்குச் சொல்வோரை நாம் ஒன்று கேட்கிறோம். பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் கிடங்குகள் கோடிக்கணக்கில் அந்நியச் செலாவணி ஈட்டின. அது தேசிய வருமானக் கணக்கில் ஏறியது. அவற்றின் கழிவினால் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக, வேலூர்க் குடிமக்கள் வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டின் முன் சொல்லப்பட்டது. அந்த நஷ்டம் எந்தப் பேரேட்டில் கழிக்கப்பட்டது? கிணறு கெட்டபின் குடிநீரை லாரியில் விலைக்கு வாங்கினால், அந்த விலையும் தேசிய வருமானத்தில் கூடுகிறது. நோய் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த பணமும் கூடுகிறது. வரவு மட்டும் எழுதிச் செலவை எழுதாத குமாஸ்தாவை எந்த மளிகைக் கடைக்காரனும் ஒரு நாள் வைத்துக்கொள்ள மாட்டான்.

நஞ்சு கலந்தவனே அதற்கு விலை கொடுக்க வேண்டும், தீங்கு வருமுன் காக்க வேண்டும் என்னும் இரண்டு தத்துவங்களும் நமது தேசச் சட்டத்தின் பகுதியே என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டிற்று. தத்துவம் நிலைத்தது, பாலாறோ தேறவில்லை. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காகச் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் தீர்ப்புக் கூற வேண்டியதாயிற்று. தீர்ப்புக்கும் தீர்ப்புக்கும் நடுவே ஒரு தலைமுறை கழிந்துவிட்டது.

செவி கொடாத சர்க்காரும் சிந்திய ரத்தமும்

எதிர்ப்பைக் காலத்தில் கேளாவிடில் என்ன விளையும் என்பதற்குத் தூத்துக்குடியே சாட்சி. மராட்டியத்தில் ரத்னகிரிக் குடியானவர்கள் எதிர்த்ததால் 1993-ல் நின்றுபோன தாமிர ஆலை, 1996-ல் தூத்துக்குடியில் உற்பத்தி தொடங்கிற்று. ஒரு கரையில் வேண்டாமென்றது மறு கரையில் எப்படி உகந்ததாயிற்று என்ற கேள்விக்கு அப்பொழுதே பதில் சொல்லியிருக்க வேண்டும். 2013-ல் சுப்ரீம் கோர்ட் ஆலைக்கு 100 கோடி ரூபாய் நஷ்ட ஈடு விதித்து, தொடர்ந்து நடக்கவும் அனுமதித்தது. ஜனங்களின் சந்தேகம் தீரவில்லை. 2018 மே 22-ந் தேதி, கலெக்டர் காரியாலயத்தை நோக்கி ஊர்வலம் சென்றவர்கள் மீது போலீஸ் சுட்டதில் 13 பேர் மாண்டார்கள். சில தினங்களில் ஆலை மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் கம்பெனியின் அப்பீலைச் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது.

விளைவு என்ன? வருஷத்துக்கு 4 லட்சம் டன் தாமிரம் உருக்கிய ஆலை நின்றது. தாமிரத்தை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா, 2018-19 முதல் நிகரமாக இறக்குமதி செய்யும் தேசமாயிற்று. மின்சாரக் கம்பிக்கும் மோட்டாருக்கும் தாமிரம் வேண்டும். அதை உருக்கும் புகையை அயல்நாட்டுக் கரையில் யாரோ சுவாசிக்கிறார்கள். ஆலைத் தொழிலாளரும் லாரிக்காரரும் பிழைப்பிழந்தனர். இது உண்மையான நஷ்டம். இதை மறைப்பவர் நேர்மையுள்ளவராகார். ஆனால் இந்நஷ்டத்துக்குப் பொறுப்பாளி யார்? எதிர்த்தவனா? ஆரம்ப முதல் சட்டப்படி கண்காணித்து, அளவுகளைப் பகிரங்கப்படுத்தி, தவறியபோது திருத்தி, ஜனங்களின் நம்பிக்கையைச் சம்பாதித்திருக்க வேண்டிய சர்க்காரும் கம்பெனியுமா? துப்பாக்கி பேசிய பிறகு, தாமிரத்தின் லாப நஷ்டத்தைப் பற்றி எந்த நியாயஸ்தனும் பேச முடியாமற் போயிற்று. சுட்டவர்கள் ஆலையையும் சேர்த்தே சுட்டுவிட்டார்கள்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் நம் தேசத்திலேயே உண்டு. ஒரிஸ்ஸாவில் நியமகிரி மலையில் பாக்ஸைட் வெட்டலாமா என்ற வழக்கில், அம்மலைவாசிகளான டோங்கிரியா கோந்தர்களின் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 12 கிராம சபைகள் கூடின, 12-ம் மறுத்தன. ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. மலை நின்றது. மலையடிவாரத்து லாஞ்சிகர் ஆலையோ வேறிடத்துத் தாதுவைக் கொண்டு இன்றும் நடக்கிறது. தேசம் மூழ்கிவிடவில்லை.

நமது முடிவு

வறுமையும் ஒரு நஞ்சு என்பதை நாம் மறக்கலாகாது. சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியனுடைய சராசரி ஆயுள் சுமார் 32 வயது; இன்று சுமார் 70. மருந்தும், உணவும், மின்சாரமும், சாலையும் பெருகாமல் இது நடந்திராது. ஆகையால், எந்த ஆலையும் வேண்டாம், எந்த அணையும் வேண்டாம் என்பவரோடு நமக்கு உடன்பாடில்லை. அப்படிச் சொல்லக்கூடியவர், பெரும்பாலும், தம் வீட்டில் விளக்கு எரியப்பெற்றவரே.

ஆனால் தேசம் என்பது யார்? பட்டறை முதலாளி மட்டுமா தேசம்? ஒரத்துப்பாளையத்துக் குடியானவன் தேசமல்லவா? முல்ஷி மாவளனும், இடிந்தகரைச் செம்படவனும், மூடிய பட்டறையிலிருந்து மூட்டை கட்டிய தொழிலாளியும் தேசமல்லவா? ஒருவனுடைய கிணற்றைக் கெடுத்து மற்றொருவன் பெட்டியை நிரப்புவதற்கு வளர்ச்சி என்று பெயரிட்டால், வெள்ளையன் நம்மை ஆண்டபோது நடந்ததற்கு என்ன பெயரிடுவது?

ஆகவே சர்க்காரை நாம் கேட்பது இது. 1997 முதல், பெரிய திட்டங்களுக்கு முன் ஜனங்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைச் சடங்காக்காமல் உண்மையாக நடத்த வேண்டும். திட்டத்தின் தீங்கை மதிப்பிடும் நிபுணருக்குத் திட்டக்காரனே கூலி கொடுக்கும் ஏற்பாடு ஒழிய வேண்டும். காற்று, நீர் அளவுகள் யாரும் எளிதில் பார்க்கும்படி, புரியும் தமிழில், ஊர்ச் சாவடியில் ஒட்டப்பட வேண்டும். ஆலை மூட நேர்ந்தால், தொழிலாளிக்கு முதற்கூலியை முதலாளி கட்டிய வைப்பு நிதியிலிருந்து அன்றைக்கே கொடுக்க வேண்டும். அமைதியாகக் கூடுபவர் மீது துரோக வழக்கும் துப்பாக்கியும் கூடவே கூடாது.

எதிர்ப்பை நடத்தும் ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. உண்மையைத் தவிர வேறு ஆயுதம் எடாதீர்கள். இல்லாத நோயை இருப்பதாகவும், சிறிய தீங்கைப் பெரியதாகவும் சொல்லி ஒரு நாள் கூட்டம் சேர்க்கலாம். மறுநாள் உண்மையான தீங்கைச் சொல்லும்போதும் ஜனங்கள் நம்பமாட்டார்கள். ஒன்றை வேண்டாமென்றால், அதற்குப் பதில் எது வேண்டும் என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள். அமைதிப் பள்ளத்தாக்கை எதிர்த்தவர்கள் கணக்கெழுதிக் காட்டினார்கள். உங்கள் வெற்றியால் வேலையிழப்பவன் வீட்டுக்கு முதலில் செல்லுங்கள். அவனையும் உங்களோடு சேர்த்துக்கொள்ளாத இயக்கம் பாதி இயக்கமே. கணக்கையும் பகிரங்கமாக வையுங்கள். அந்நியப் பணம் என்ற பழி அன்றே ஒழியும்.

நொய்யல் குடியானவர்கள் கல்லெடுக்கவில்லை, கத்தியெடுக்கவில்லை. கசந்த கிணற்று நீரைப் புட்டியில் ஏந்தி, நியாயஸ்தலத்தின் படிகளில் வருஷக்கணக்காக ஏறி இறங்கினார்கள். அவர்களை வளர்ச்சி விரோதிகள் என்று அன்று ஏசியவர்களின் பிள்ளைகள் இன்று சுத்தமான சாயத்தின் பெருமையைச் சொல்லி அயல்நாட்டுக்குச் சரக்கு விற்கிறார்கள். உண்மையில் வளர்ச்சிக்கு விரோதி, ஆற்றைக் காப்பாற்றக் கேட்டவனல்லன். கேட்டபோது செவி கொடாதவனே. இதை நமது சர்க்காரும் முதலாளிகளும் ஊழியர்களும் உணர்வார்களாக.